வீவக புளோக்கா, தோட்டத்து லயமா?

சிங்கப்பூர் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய அடுக்குமாடி புளோக்குகளில் 1989 முதல் இன வரம்பு உண்டு: ஒரு புளோக்கில் ஒவ்வோர் இனத்துக்கும் இத்தனை வீடுகள்தான். ஒரு வாசலில் மாக்கோலம், அடுத்ததில் ஊதுபத்திக் கிண்ணம், அதற்கடுத்து ஹரிராயா (நோன்புப் பெருநாள்) விளக்கு. பார்க்க அழகுதான், மின்தூக்கியில் பேச்சு மட்டும் ஆங்கிலம். சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் தமிழர் தன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்க ஆள் குறைந்தால் விலையும் இறங்கும்.

மலேசிய ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பக்கத்து வீடும் தமிழ். கோயிலும் பள்ளியும் நடை தூரம். மொழி தானாக வாழ்ந்தது. (சாதியும் கூடவே வாழ்ந்தது, அதை யாரும் பெருமையாகச் சொல்வதில்லை.) தோட்டம் வீட்டுமனையாகக் கைமாறியபோது வெளித்தொழில் பழகாதவர்கள் திண்டாடிப்போனார்கள். பிழைப்புக்குப் புளோக்தான் என்பேன். தமிழுக்கென்றால் என் ஓட்டு லயத்துக்கே: மலேசியாவில் இன்றும் 500க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள், சிங்கப்பூர்ப் பள்ளியில் தமிழ் ஒரு பாடம்.