செத்தவர் கையெழுத்தில் வரி ரிட்டர்ன்: குமரி மாவட்டத்துக்காரர்கள் கவனத்துக்கு

இறந்துபோன எங்கள் அப்பாவுக்கு வருமான வரி ரிட்டர்ன் போட்டுத் தருகிறேன் என்று 8,000 ரூபாய் வாங்கிய ஒரு கடையைப் பற்றி எழுதுகிறேன். தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையில் இருக்கிறது. போலீசில் புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை. வெளியே 'ஆடிட்டர்' என்று போர்டு. உள்ளே ஜெராக்ஸ், பாஸ்போர்ட், பட்டா, பான் கார்டு என்று எல்லாமே நடக்கும்.

அப்பா தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். 2023 நவம்பர் கடைசியில் காலமானார். கருமாதி முடிந்த கொஞ்ச நாளிலேயே அந்தக் கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். "சார் எனக்கு எட்டாம் கிளாஸ்ல கணக்கு எடுத்தவரு" என்று அம்மாவிடம் கண் கலங்கினாராம். அப்பா எடுத்தது சமூக அறிவியல். அம்மா அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தங்கை மஸ்கட்டில், நான் திருவனந்தபுரத்தில் வேலை, சனி ஞாயிறுதான் ஊருக்கு வருவேன். துட்டி வீட்டில் வந்து நிற்கிற மனுஷனிடம் யார் குறுக்கு விசாரணை செய்வார்கள்?

அவர் முதலில் அம்மாவிடம் சொன்ன இரண்டு விஷயங்களும் பொய். இதே இரண்டையும் வேறு வீடுகளிலும் சொல்லியிருக்கிறார் என்று இப்போது தெரிகிறது.

ஒன்று, "ரிட்டர்ன் போட்டாத்தான் பேங்க்ல உள்ள டெபாசிட்டை விடுவாங்க." அப்படி எதுவும் கிடையாது. நாமினி இருந்தால் இறப்புச் சான்றிதழ், கிளெய்ம் படிவம், நாமினியின் அடையாளச் சான்று போதும். வாரிசுச் சான்றிதழ்கூடத் தேவையில்லை. காகிதங்கள் சரியாக இருந்தால் 15 நாளில் முடித்துக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

இரண்டாவது, "வரி பாக்கி இருந்தா டீச்சரம்மா, உங்க வீடு வரைக்கும் வரும். ஒண்ணும் பேடிக்காண்டாம், நான் பாத்துக்கிடுதேன்." அம்மா டீச்சர் இல்லை, சாரின் மனைவி என்பதால் அப்படிக் கூப்பிடுவது அவர் வழக்கம். அப்பாவின் ரிட்டர்னுக்குப் பொருந்தும் 1961-ஆம் வருட வருமான வரிச் சட்டத்தின் 159-ஆம் பிரிவில் இதற்குப் பதில் இருக்கிறது. இறந்தவரின் வரிக்கு வாரிசு பொறுப்புதான், ஆனால் அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு மட்டுமே. அதற்கு மேல் வாரிசின் சொந்தக் காசைத் தொட முடியாது.

இதற்காக ரிட்டர்ன் போட வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்களுக்குப் போட வேண்டியதாகத்தான் இருந்தது. அப்பாவின் பென்ஷன் மாதம் சுமார் 50,000. அது போக டெபாசிட் வட்டி உண்டு, அதில் வங்கி 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்திருந்தது. மொத்த வருமானம் அந்த வருடத்து 3 லட்சம் வரம்பைத் தாண்டியதால் ரிட்டர்ன் கட்டாயம். பிடித்த பணத்தைத் திரும்ப வாங்கவும் வேறு வழி இல்லை.

8,000-க்குக் கணக்கு கேட்டபோது ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார். அதில் 'வாரிசு பதிவு, கவர்மெண்ட் ஃபீஸ் 3,500' என்று ஒரு வரி. வருமான வரி இணையதளத்தில் வாரிசாகப் பதிவு செய்யக் கட்டணமே கிடையாது, ஒரு ரூபாய்கூட. அதை விட, அந்தப் பதிவை அவர் செய்யவே இல்லை. கல்குளம் தாலுகா ஆபீசிலிருந்து வாங்கிய வாரிசுச் சான்றிதழ் எங்கள் கையில் தயாராக இருந்தது. "அது இதுக்கு வேண்டாம், ஷார்ட் கட் உண்டு" என்று அதைத் திருப்பித் தந்தவர், அப்பாவின் அசல் பான் கார்டை மட்டும் வைத்துக்கொண்டார்.

அந்த ஷார்ட் கட் என்னவென்றால், அப்பாவின் சிம் அம்மாவின் போனில் இருந்தது. 2024 ஜூலையில் ஒரு மத்தியான நேரம் கூப்பிட்டு, "ஒரு நம்பர் வந்திருக்கும், வாசிச்சுச் சொல்லுங்க" என்றிருக்கிறார். அம்மா சொல்லியிருக்கிறார். அது அப்பாவின் ஆதார் ஓடிபி.

சாயங்காலம் வாட்சாப்பில் வாழ்த்துச் செய்தி. ரீஃபண்ட் 27,000 வருமாம், வந்ததும் அதில் 20 சதவீதம் அவருக்குத் தர வேண்டுமாம்.

பணம் வரவில்லை. கேட்டால் "சென்னைல பெண்டிங்" என்பார். அப்புறம் போனை எடுப்பதையே விட்டுவிட்டார். ரிட்டர்ன் போட்டதற்கான ஒப்புகைச் சீட்டைப் பலமுறை கேட்டு, கடைசியில் கடையில் போய் நின்ற பிறகுதான் பிரிண்ட் எடுத்துத் தந்தார். அதை அங்கேயே நின்று படித்தேன். இந்த ரிட்டர்னை அப்பா, அவருடைய பான் எண்ணுடன், 22-07-2024 அன்று ஆதார் ஓடிபி மூலம் தானே சரிபார்த்தார் என்று அதில் இருந்தது. கல்லறையில் இருக்கும் மனுஷன் எட்டு மாதம் கழித்து எழுந்து வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார். "இது எப்படி?" என்று கேட்டேன். "எல்லாரும் இப்படித்தான் மக்களே போடுதாங்க" என்றார், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நாகர்கோவிலில் உண்மையான சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட் ஒருவரிடம் முழு ரிட்டர்னையும் கொண்டுபோனோம். அவர் பேனாவை வைத்து ஒவ்வொரு வரியாகக் காட்டியதை அப்படியே சொல்கிறேன். ஏமாற்றின் அமைப்பு இதில்தான் தெரியும்.

இறந்தவருக்கு ரிட்டர்ன் போடும்போது ஏப்ரல் 1 முதல் அவர் இறந்த தேதி வரை உள்ள வருமானத்தைத்தான் காட்ட வேண்டும். அதற்குப் பிறகு வருவது வாரிசுகளின் வருமானம். எங்கள் விஷயத்தில் பென்ஷன் 4 லட்சம், வட்டி 1,80,000. பென்ஷனுக்கான நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) 50,000 போனால் 5,30,000. புதிய வரி முறையில் அந்த வருடம் 7 லட்சம் வரையான வருமானத்துக்கு வரித் தள்ளுபடி இருந்ததால் வரி பூஜ்யம். பிடித்த 18,000-மும் நேர்மையாகவே திரும்ப வந்திருக்கும். எந்தத் தில்லுமுல்லும் தேவைப்படாத கணக்கு இது.

அந்த ஆள் என்ன செய்திருந்தார்? கூட்டுக் கணக்கின் பாஸ்புக்கை வைத்துக்கொண்டு மார்ச் வரை வந்ததை எல்லாம் கூட்டிவிட்டார். டிசம்பரிலிருந்து அம்மாவுக்கு வந்த குடும்ப ஓய்வூதியம் 1,20,000, இறப்புக்குப் பிறகான வட்டி 90,000, எல்லாம் அப்பா தலையில். வருமானம் 7,40,000 ஆகிவிட்டது, 7 லட்சத்தைத் தாண்டி இல்லாத வரி வந்துவிட்டது. அந்த வரியை ஒழிக்கப் பழைய முறைக்கு மாற்றி, மூத்த குடிமக்களுக்கான வட்டிக் கழிவு 50,000 போக, 80சி-யில் (சேமிப்புக்கான கழிவு) 1,50,000, 80ஜிஜிசி-யில் 50,000 என்று தானாகவே எழுதியிருக்கிறார். மிச்சம் 4,90,000. பழைய முறையில் 5 லட்சம் வரை தள்ளுபடி உண்டு, அதற்குச் சரியாகக் கீழே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். தானே உண்டாக்கிய வரியைத் தானே பொய் சொல்லி அழித்துவிட்டு, அதற்கு 20 சதவீதம் கேட்டிருக்கிறார்.

80ஜிஜிசி என்பது அரசியல் கட்சிக்குக் கொடுக்கும் நன்கொடை. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து அதற்குத் தேதியும் பரிவர்த்தனை எண்ணும் கொடுக்க வேண்டும். அவர் போட்டிருந்த தேதி 2024 ஜனவரி. அப்பா செத்த பிறகு கட்சிக்கு நன்கொடை கொடுத்திருக்கிறார்! உயிரோடிருந்தபோது எந்தக் கட்சிக்காரர் நன்கொடைப் புத்தகத்தோடு வந்தாலும் ஒரு சாயா கொடுத்து அனுப்பிவிடுகிற ஆள். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, பல மாதங்களுக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தார்.

எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு. ஷீட் விற்ற காசு விவசாய வருமானம், அதற்கு வரி இல்லை. ஆனால் அது 5,000 ரூபாயைத் தாண்டினால் ஐடிஆர்-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவத்தில் போடக்கூடாது, ஐடிஆர்-2 போட வேண்டும். அவர் ஐடிஆர்-1-லேயே போட்டு, ரப்பர் வருமானம் 4,900 என்று எழுதியிருந்தார். நம் மாவட்டத்தில் ரப்பர் வைத்திருப்பவர்கள் உங்கள் பழைய ரிட்டர்ன்களிலும் இந்தக் கட்டத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ரீஃபண்ட் வராததற்குக் காரணம் சாதாரணமானது. வங்கி, கூட்டுக் கணக்கிலிருந்து அப்பாவின் பெயரை எடுத்துவிட்டது. பான் எண்ணும் கணக்கின் பெயரும் ஒத்துப்போகாததால் பணம் திரும்பிப் போய்விட்டது. அது நல்லதாகத்தான் போயிற்று. வந்திருந்தால் 20 சதவீதத்தையும் கொடுத்துவிட்டு நாங்கள் சும்மா இருந்திருப்போம், நோட்டீஸ் வரும்வரை. அந்த நோட்டீசும் எங்களுக்கு வந்திருக்காது. இணையதளத்தில் அப்பாவின் கணக்கில் மின்னஞ்சலும் செல்போன் எண்ணும் அந்த ஆளுடையதாக மாறியிருந்தன. இப்படிப் பொய்க் கழிவு காட்டி ரிட்டர்ன் போடும் இடைத்தரகர்கள் மீது 2025 ஜூலையில் வருமான வரித்துறை நாடு முழுக்க 150-க்கும் மேற்பட்ட இடங்களில் சோதனை நடத்தியது, தமிழ்நாடும் அதில் உண்டு. ரிட்டர்ன் போடுவதற்கென்றே மின்னஞ்சல் முகவரிகளை உண்டாக்கிவிட்டு அப்புறம் கைவிடுவதால் நோட்டீஸ்கள் படிக்கப்படாமலே கிடக்கின்றன என்று துறையே சொன்னது. வருமானத்தைத் தவறாகக் காட்டியதாக முடிவானால் அபராதம் அப்படிக் குறைத்துக் காட்டிய வரியைப் போல இரண்டு மடங்கு, அதாவது 200 சதவீதம்.

சரி செய்தது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதற்கு எந்த ஷார்ட் கட்டும் வேண்டாம். அம்மா தன் பான் எண்ணில் உள்ளே போய், பிரதிநிதியாகப் பதிவு செய்யும் பகுதியில் 'இறந்தவர், சட்டப்படியான வாரிசு' என்ற வகையைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பித்தார். அப்பாவின் பான் கார்டு நகல், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றை ஸ்கேன் செய்து ஏற்றினோம். வாரிசுச் சான்றிதழ் இன்னும் கைக்கு வராதவர்களுக்குப் பதிவு செய்யப்பட்ட உயிலோ, அரசு தரும் குடும்ப ஓய்வூதியச் சான்றிதழோ, நாமினியின் பெயரைக் குறிப்பிட்டு வங்கி தன் கடிதத்தாளில் தரும் கடிதமோ போதும். ஒப்புதல் வந்த பிறகு அம்மாவின் உள்நுழைவிலேயே அப்பாவின் கணக்கும் தெரிந்தது. அந்த ஆளின் செல்போன் இனி தேவையில்லை.

திருத்திய ரிட்டர்னுக்குக் கடைசித் தேதி அப்போது டிசம்பர் 31. அதற்குள் ஐடிஆர்-2-இல் சரியான கணக்கைப் போட்டு, அம்மா வாரிசாக, தன் ஆதார் ஓடிபியைக் கொண்டே சரிபார்த்தார். இறப்புக்குப் பிறகான வட்டியையும் அதற்குப் பிடித்த டிடிஎஸ்ஸையும் அம்மாவின் பான் எண்ணுக்கு மாற்றச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுத்தோம். 18,000 அம்மாவின் கணக்குக்கு வந்தது. அந்தப் பணம் வரும்வரை அப்பாவின் பான் எண்ணை ஒப்படைக்க வேண்டாம் என்று நாகர்கோவில்காரர் சொல்லியிருந்தார். அதையும் நினைவில் வையுங்கள், சிலர் அவசரப்பட்டு முதலிலேயே ஒப்படைத்துவிடுகிறார்கள்.

நம் பக்கம் வரி பார்க்கிற எல்லாரையும் ஆடிட்டர் என்றுதான் சொல்வோம். உண்மையில் சார்ட்டர்ட் அக்கவுண்டண்டா என்று தெரிய வேண்டுமானால் உறுப்பினர் எண்ணைக் கேளுங்கள். அவர்களுடைய இன்ஸ்டிட்யூட்டின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பெயர் வரும். எங்கள் ஆளிடம் கேட்டதற்கு, "அதெல்லாம் சென்னையில இருக்கவங்களுக்கு" என்றார்.

அப்பாவின் அசல் பான் கார்டு இன்னும் அவர் கையில்தான். 8,000-மும் திரும்பி வரவில்லை. பான் கார்டையும் மாற்றப்பட்ட செல்போன் எண்ணையும் சேர்த்தே புகாரில் எழுதியிருக்கிறோம்.

தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ஜெராக்ஸ் கடை ஆடிட்டரிடம் ரிட்டர்ன் போட்டவர்கள், உயிரோடு இருப்பவர்களுக்காகப் போட்டிருந்தாலும் சரி, இன்றைக்கே இணையதளத்தில் நுழைந்து உங்கள் விவரப் பக்கத்தில் யாருடைய செல்போன் எண்ணும் மின்னஞ்சலும் இருக்கின்றன என்று பாருங்கள். உள்ளே போக முடியவில்லை என்றால் 1800 103 0025-க்குக் கூப்பிடுங்கள், காசு ஆகாது. நீங்கள் கொடுக்காத நன்கொடை ஏதாவது கழிவில் இருந்தால், நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காதீர்கள். திருத்தும் கெடு முடிந்திருந்தாலும் புதுப்பிக்கப்பட்ட ரிட்டர்ன் என்று ஒன்று உண்டு. கூடுதல் வரி கட்ட வேண்டியிருக்கும், ஆனால் 200 சதவீதத்தை விடக் குறைவு.

அந்தக் கடையில் ஏமாந்த வேறு வீட்டுக்காரர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். புகாரில் உங்கள் விவரத்தையும் சேர்த்துவிடலாம்.