சென்னை ஈரக்காற்றில் ரெசின் வார்ப்பு: சில வருட அனுபவம்

ரெசின் வார்ப்பை, அதாவது திரவப் பிளாஸ்டிக்கை அச்சில் ஊற்றி இறுக வைத்துப் பாகம் எடுப்பதைச் சொல்லித்தரும் வீடியோக்களில் ஒருவர் சாவகாசமாக இரண்டு பாட்டில்களைத் திறப்பார், கலப்பார், ஊற்றுவார், பத்து நிமிடத்தில் பளிச்சென்று ஒரு பாகத்தை எடுத்துக் காட்டுவார். கவனித்துப் பாருங்கள், பெரும்பாலும் ஸ்வெட்டர் போட்டிருப்பார். இங்கே சேலையூரில் ஐப்பசி மழைக்கு நடுவே அதே பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டுக் கப்பைத் தேடிப் போனால் கதையே வேறு. 1/72, 1/48 அளவு (நிஜத்தில் 72-ல், 48-ல் ஒரு பங்கு) விமான மாடல்களுக்கு இருக்கை, சக்கரம், வெளி எரிபொருள் டேங்க் என்று சில வருடங்களாக வார்த்து வருகிறேன். எந்த பிராண்டு வாங்குவது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். சென்னையில் அதைவிடப் பெரிய கேள்வி, ஈரத்தை எப்படி வெளியே நிறுத்துவது என்பது.

மிக்-21 செய்கிறவருக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. 1963-ல் நம் விமானப்படைக்கு வந்து 2025 செப்டம்பரில் விடைபெற்ற அந்த விமானத்துக்கு நல்ல பிளாஸ்டிக் கிட்டுகளும் உண்டு, தனி ரெசின் பாகங்களும் உண்டு. எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) தயாரித்த கிரண் பயிற்சி விமானமும் மருத் போர் விமானமும் அப்படியில்லை. பெரிய கம்பெனிகள் இவற்றின் பக்கம் திரும்புவது அபூர்வம். தாம்பரம் விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானங்களைத் தலைக்கு மேல் பார்த்துப் பழகியவனுக்கு அலமாரியில் ஒரு கிரண் இல்லாதது உறுத்தும். கிரணில் இரண்டு இருக்கைகள், பக்கத்துப் பக்கத்தில். ஒன்றைச் செதுக்கி, மற்றதை வார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இந்த வேலை ஆரம்பித்தது.

முதலில் மோல்டு, அதாவது அச்சு. சிலிக்கான் ரப்பரில் டின் (வெள்ளீயம்) வகை, பிளாட்டினம் வகை என்று இரண்டு. டின் வகை விலை குறைவு, எதன் மேல் ஊற்றினாலும் பெரும்பாலும் இறுகிவிடும். ஆனால் காலப்போக்கில் கொஞ்சம் சுருங்கும், சில வருடங்களில் மோல்டு உரம் இழந்து கிழியத் தொடங்கும். பிளாட்டினம் வகை சுருங்காது என்றே சொல்லலாம், நாளும் தாங்கும். ஆனால் அதற்கு ஏகப்பட்ட ஒவ்வாமை. கந்தகம் கலந்த களிமண் பட்டால் இறுகாது, லேட்டக்ஸ் கையுறை பட்டால் இறுகாது, டின் சிலிக்கான் கலந்த கப்பிலேயே கலந்தாலும் இறுகாது. மாஸ்டர் (அச்சு எடுப்பதற்காகச் செய்த மூலப் பாகம்) மேல் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு நிற்கும். நான் பெரும்பாலும் டின் வகையோடுதான் இருக்கிறேன். அதற்கு ஊர் சார்ந்த காரணமும் உண்டு. டின் சிலிக்கான் இறுகுவதற்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும். நம் ஊர்க் காற்றில் அதற்குப் பஞ்சமே இல்லை, டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்கு முன்பே இறுகிவிடுகிறது. கலந்து கையில் வைத்திருக்கும் நேரமும் அதே அளவுக்குக் குறையும் என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சிலிக்கானுக்கு உதவுகிற அதே ஈரம்தான் ரெசினுக்கு எமன். சிறு பாகங்களுக்கு நான் வைத்திருப்பது பாலியூரித்தேன். ஒரு பாட்டிலில் பாலியால், இன்னொன்றில் ஐசோசயனேட். ஐசோசயனேட்டுக்குத் தண்ணீர் கிடைத்தால் அது பாலியாலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடை வெளியிடும். மெத்தைக்குள் இருக்கும் ஃபோமை வேண்டுமென்றே இந்த முறையில்தான் பொங்க வைக்கிறார்கள். நமக்கு வேண்டாத இடத்தில் அது நடந்தால், இருக்கையின் தலைச்சாய்வு முழுக்க ஊசிமுனைத் துளைகள். பிரைமர் (பெயின்ட்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) அடித்த பிறகுதான் அவை கண்ணுக்கே தெரியும், அந்த எரிச்சல் தனி.

ஈரம் எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். டீக்கடை பேப்பர் கப்பில் ஈரம். ஐஸ் குச்சியில் ஈரம். அதனால் பிளாஸ்டிக் கப், ஸ்டீல் கம்பி. பிரஷர் டேங்க்குக்கு அழுத்தம் கொடுக்கும் கம்ப்ரஸர் காற்றிலும் ஈரம்; ஒரு நாள் ஓடிய டேங்கின் அடித்திருகைத் திறந்தால் தண்ணீராகவே கொட்டும், ஆகவே குழாயில் ஈரப்பொறி கட்டாயம். வெப்பத்துக்குப் பயந்து பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்கலாமே என்பார்கள். வெளியே எடுத்ததும் பாட்டில் வியர்க்கும், அந்த நிலையில் மூடியைத் திறந்தால் முடிந்தது. நான் செய்வது, வேலைக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஏசி போட்டுவிடுவது. குளிர்ச்சி கிடைக்கிறது என்பதைவிட, அறைக்காற்றில் இருக்கும் தண்ணீரை அது இழுத்து வெளியே சொட்டவிடுகிறது என்பதுதான் லாபம். மோல்டுகளை வெயில் நாட்களில் மொட்டை மாடியில் காயவைத்து, சூடு ஆறியதும் எடுத்து வருவேன்.

ஐசோசயனேட் பாட்டிலைத் திறந்து மூடும்போது உள்ளே புகும் காற்றுக்கும் ஒரு வழி வேண்டும். எங்கள் வீட்டுக்கு ஏசி சர்வீஸ் செய்ய வரும் மெக்கானிக், குழாயில் கசிவு பார்ப்பதற்காக நைட்ரஜன் சிலிண்டர் வைத்திருப்பார். அதிலிருந்து கொஞ்சம் பாட்டிலுக்குள் விட்டு மூடச் சொன்னபோது, “இதுல ஏசி எங்க சார் இருக்கு?” என்று கேட்டார். இப்போது அவரே வரும்போதெல்லாம் விசாரிக்கிறார், பாட்டிலுக்குக் கேஸ் போடணுமா என்று. திறந்த பாட்டில் இப்படிச் செய்தால் எனக்குக் கணிசமாக அதிக நாள் வருகிறது. ஒரு கடையில், வாயைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்குத் தட்டிய பழைய சரக்கைப் புதுசு என்று தலையில் கட்டினார்கள். வாங்கும்போதே மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், தயாரிப்புத் தேதியையும் பாருங்கள்.

பிராண்டு கேட்பவர்களுக்காக: ஸ்மூத்-ஆன் கம்பெனியின் பாலியூரித்தேன் ரெசினான ஸ்மூத்-காஸ்ட் 300 தண்ணீர் போல ஓடும், சம அளவு கலந்தால் போதும், இறுகியபின் வெள்ளை. கலந்து மூன்று நிமிடத்துக்குள் ஊற்ற வேண்டும், பத்து நிமிடத்தில் எடுக்கலாம் என்பது 23 டிகிரிக்கான கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் ஏசி இல்லாத அறையில் அந்த மூன்று நிமிடத்தை நம்பக் கூடாது. கல்யாண மாலையைப் பதப்படுத்துகிறவர்கள் வாங்கும் எபாக்சி ரெசின் இங்கே எளிதாகக் கிடைக்கிறது, ஈரத்துக்கும் அவ்வளவாக அலட்டிக்கொள்ளாது. ஆனால் இறுக ஒரு நாள் எடுக்கும், மெல்லிய ஆன்டெனா போன்றவை வெயிலில் வளைந்துவிடும். எரிபொருள் டேங்க் போன்ற தடித்த பாகங்களுக்கு எபாக்சி சரி. இருக்கைக்கு வேண்டாம்.

அப்புறம், காற்றுக் குமிழிகளைச் சமாளிக்கும் கருவி. கையில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் வேக்குவம் பம்பை வாங்காதீர்கள், பிரஷர் டேங்க்கை வாங்குங்கள். வேக்குவத்தில் சிலிக்கானை வைத்தால் மூன்று நான்கு மடங்கு பொங்கி எழுந்து, உச்சியில் ஒரு நொடி நின்று, பொத்தென்று உட்காருவது பார்க்க அழகுதான். ஆனால் சிலிக்கானை உயரத்திலிருந்து நூல் போல ஒரு மூலையில் ஊற்றினாலே பாதிக் குமிழி வழியிலேயே உடைந்துவிடும். ரெசினில் அந்த அவகாசம் இல்லை, குமிழி மேலே வருவதற்குள் அது இறுகிவிடும். அதை 40 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தில் வைத்தால் குமிழிகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கி அப்படியே உறைந்துபோகும். ஸ்ப்ரே பெயின்டர்கள் பயன்படுத்தும் பெயின்ட் டேங்க் இதற்குப் போதும். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் பழையது வாங்கி, பாதுகாப்பு வால்வை மட்டும் புதிதாக மாற்றிக்கொண்டேன். நடுவில் கரண்ட் போனாலும் வால்வை மூடியிருந்தால் அழுத்தம் உள்ளேயே இருக்கும். சமையலறைக் குக்கரை இதற்குத் தொடவே கூடாது. அது ஏறக்குறைய 15 பி.எஸ்.ஐ.க்குச் செய்த பாத்திரம்.

டேங்க் வாங்கினால் மோல்டையும் அதே அழுத்தத்தில் இறுக வையுங்கள். இல்லாவிட்டால் சிலிக்கானுக்குள் தங்கிய குமிழிகள் ரெசின் ஊற்றி அழுத்தும்போது சுருங்கி, பாகத்தின் மேல் மரு மருவாகப் புடைப்புகள் வரும்.

இருக்கை எடுக்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மோல்டு சாவது இங்கேதான். தலைச்சாய்வுக்கு மேலே இருக்கும் கைப்பிடி வளையம்தான் சிக்கல். நிஜத்தில் 18 மி.மீ. தடிமன் உள்ள கம்பி 1/72-ல் கால் மில்லிமீட்டர். மோல்டில் ஊற்றும் முன் டால்கம் பவுடரை மெல்லிய பிரஷால் உள்ளே தடவி, கவிழ்த்துத் தட்டிவிட வேண்டும். ரெசின் தயங்காமல் அந்த நூலளவு பள்ளத்துக்குள் ஓடும். இறுகியதும், சர்ஜிகல் கடையில் கிடைக்கும் 11-ஆம் நம்பர் பிளேடால் ஏற்கெனவே பக்கவாட்டில் நெளிநெளியாகக் கீறி வைத்த வெட்டை விரல்களால் விரித்து, முதலில் இருக்கையின் அடிப்பகுதி, பிறகு முதுகு, கடைசியில் வளையம். பாகம் லேசான சூட்டோடு இருக்கும்போதே எடுத்தால் வளையம் வளைந்து கொடுக்கும், முழுக்க ஆறவிட்டால் முறியும். மெல்லிய இடங்களில் ரெசின் தானாகச் சூடாவது குறைவு என்பதால், தடித்த அடிப்பகுதி இறுகிய பிறகும் வளையம் சவசவவென்று இருக்கலாம். இன்னும் சில நிமிடம் பொறுக்க வேண்டியதுதான். இந்த அளவு நுணுக்கமுள்ள டின் மோல்டில் இருபது முப்பது பிரதிகளுக்கு மேல் நான் எதிர்பார்ப்பதில்லை. முதலில் கிழிவது எப்போதும் அந்த வளையத்தின் உட்புறச் சிலிக்கான்தான்.

3டி பிரின்டர் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறார்கள். ஓரளவு நியாயம்தான். மாஸ்டரை இப்போது நானும் பிரின்ட் எடுக்கக் கொடுக்கிறேன். ஆனால் சக்கரம் மாதிரி பத்துப் பதினைந்து வேண்டியவற்றை வார்ப்பதே வேகம். பிரின்ட் எடுத்த மாஸ்டரை நன்றாகக் கழுவி, புற ஊதா ஒளியில் முழுக்க இறுக்கி, மேலே லாக்கர் (வார்னிஷ் போன்ற பூச்சு) அடித்துக்கொள்ளுங்கள். அரைகுறையாக இறுகிய பிரின்ட் மேல் பிளாட்டினம் சிலிக்கான் இறுகாமல் அடம்பிடிக்கும். இன்னொன்று, வெளிநாட்டுக் கம்பெனி விற்கும் பாகத்தை வாங்கி அதையே மாஸ்டராக்கிப் பிரதி எடுத்து விற்பவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். ஒவ்வொரு தலைமுறைப் பிரதியும் கொஞ்சம் சுருங்கும், விளிம்பு மழுங்கும். அதைவிட முக்கியம், அது திருட்டு.

ஐசோசயனேட் ஆவி ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. என்95 முகக்கவசம் ஆவியைத் தடுக்காது, கரிம ஆவிக்கான கார்ட்ரிஜ் போட்ட மாஸ்க் வேண்டும். கையுறை நைட்ரைல். ரெசினைத் தேய்க்கும்போது தண்ணீர் தொட்டே தேயுங்கள், தூசி பறக்கக் கூடாது. அப்பார்ட்மென்டில் குழந்தைகள் விளையாடும் பால்கனியை ஒட்டிய அறையில் இதைச் செய்யாதீர்கள். வீட்டில் யாருக்காவது இழுப்பு இருந்தால் பாலியூரித்தேனே வேண்டாம்.

கேனபி, அதாவது விமானி அறையின் கண்ணாடி மூடியை வார்க்கலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. கண்ணாடி போன்ற ரெசின்கள் உண்டு, வார்த்தும் பார்த்தேன். தடிமனாக வருகிறது, கொஞ்ச நாளில் மஞ்சளடிக்கிறது. கிரணின் அகலமான கேனபிக்குப் பெட்-ஜி என்ற தெளிவான பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடாக்கி, மர அச்சின் மேல் வேக்குவத்தில் இழுப்பதே சரி. அதற்கு வீட்டு வேக்குவம் க்ளீனரே போதும்.