டவுன்லோட் செய்தால் டிவியிலும் ஓடும் என்று சொல்லிச் சந்தா விற்கிறார்கள்: கூடலூர், பந்தலூர்க்காரர்கள் கவனிக்கவும்

மழைக்காலம் நெருங்குவதால் நீலகிரியில் எங்கள் பக்கத்துக் கடைகளில் ஓடிடி (நெட் வழியாகப் படம், சீரியல் காட்டும் செயலி) சந்தா வியாபாரம் மறுபடி சூடு பிடித்திருக்கிறது. "டவுன்லோட் பண்ணி வச்சிக்கிட்டா நெட்டே வேணாம்" என்பதுதான் சொல்லி விற்கும் வாக்கு. பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

சேரம்பாடி, தேவாலா மழையைப் பற்றி உள்ளூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜூனில் பிடித்தால் டிஷ்ஷில் படம் நின்று நின்று வரும். கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் படுத்துவிடும். இருட்டிய பிறகு சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறவும் முடியாது, யானை நிற்கும். என் அப்பா தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு போன் திரையை உற்றுப் பார்த்தால் அவருக்குக் கண்ணில் நீர் வடிகிறது. அவர் பார்க்கும் சீரியலை வீட்டு டிவியில் ஓட்டித் தர வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். இதைக் கூடலூரில் ஒரு மொபைல் கடையில் தெளிவாகச் சொன்னேன்.

"டவுன்ல இருக்கறப்ப டவுன்லோட் பண்ணிக்கங்கண்ணே. வீட்டுக்குப் போய் கேபிள் மாட்டினா டிவியில ஓடும். பென்டிரைவ்ல ஏத்தியும் பாக்கலாம்."

"டிவியில ஓடும்ல தம்பி? அப்பாவுக்குத்தான்."

"கட்டாயம் ஓடும்ணே."

ஆண்டுச் சந்தா, எச்டிஎம்ஐ கேபிள், பென்டிரைவ் மூன்றையும் சேர்த்தே விற்றார்கள். இதே வாக்குறுதியை வாட்ஸ்அப்பில் விளம்பரமாகவும் அனுப்பியிருந்தார்கள்.

வீட்டில் ஒன்றும் ஓடவில்லை. பென்டிரைவில் ஏற்றிய கோப்பை டிவி தொடவே இல்லை. என் போனின் மெமரி கார்டைக் கழற்றி அப்பா போனில் போட்டால், அதில் இருப்பதை அந்தப் போனின் செயலி கண்டுகொள்ளவில்லை. கேபிள் மாட்டியபோது சத்தம் கேட்டது, படம் கறுப்பு. வயர் இல்லாமல் திரையை டிவிக்கு அனுப்பிப் பார்த்தபோதும் அதே கறுப்புத் திரைதான், கீழே எழுத்து மட்டும் ஓடியது. அப்பா அந்தக் கறுப்புத் திரை முன்னால் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான்.

காரணத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இந்தச் செயலிகள் இறக்கும் கோப்பு பூட்டப்பட்டே வருகிறது. ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் கூகுளின் வைடுவைன், ஆப்பிளில் ஃபேர்பிளே, மைக்ரோசாப்டில் பிளேரெடி என்று பூட்டுகளுக்குப் பெயர். திறக்கும் சாவி கோப்போடு வராது. நிறுவனத்தின் சர்வர் அதைத் தனியாக அந்த ஒரு போனுக்கு, அந்த ஒரு செயலிக்குக் கொடுக்கிறது. அதனால் கோப்பை எங்கே நகல் எடுத்தாலும் பயனில்லை. கேபிளிலும் எச்டிசிபி என்ற பாதுகாப்பு இருக்கிறது. போன், கேபிளின் இணைப்பி, டிவி மூன்றும் அதை ஏற்றுக்கொண்டால்தான் படம் வரும். நடுவில் ஒன்று சரியில்லை என்றால் கறுப்புதான். விலை குறைந்த பல போன்களில் சார்ஜர் துளை வழியாக டிவிக்குப் படம் அனுப்பும் வசதியே கிடையாது.

சாவிக்கு ஆயுளும் உண்டு. பல சேவைகளில் இறக்கிய நிகழ்ச்சியை 30 நாளுக்குள் பார்க்கத் தொடங்க வேண்டும், தொடங்கிய பிறகு 48 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். இது சேவைக்குச் சேவை, நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறும். சாவியைப் புதுப்பிக்க மறுபடி நெட் வேண்டும். மலையில் டவர் இல்லாத வாரத்தில் அதற்கு எங்கே போவது? நெட் இல்லாத ஊருக்கென்றே விற்கும் பொருளுக்கு இதைச் சொல்லாமல் விடுவது பெரிய அநியாயம்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. செயலியின் கணக்குப் பக்கத்தை நிதானமாகப் படித்தபோது, எனக்கு விற்றது மொபைல் மட்டும் என்ற திட்டம் என்று தெரிந்தது. அதாவது நல்ல நெட் இருந்தாலும் அந்தச் சந்தாவில் டிவியில் பார்க்க அனுமதி இல்லை. டிவி என்று வாய்விட்டுக் கேட்டவனுக்கு இதை விற்றிருக்கிறார்கள். கடைக்குப் போனால் "அது கம்பெனி ரூல்ணே" என்றார்கள். கம்பெனியின் சாட்டில் கேட்டால், நிபந்தனைகளை ஏற்றுத்தான் சேர்ந்தீர்கள் என்று பதில். அந்த நிபந்தனைகள் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தன.

வசதியை நிறுவனமே பின்னால் எடுத்துவிடுவதும் நடக்கிறது. 2007-ல் கூகுள் தன் வீடியோ விற்பனையை மூடியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களின் படங்களும் ஓடாமல் போயின. பிறகு பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2024-ல் நெட்ஃபிளிக்ஸ் தன் விண்டோஸ் செயலியிலிருந்து டவுன்லோடை நீக்கியது. அதனால் "லேப்டாப்ல இறக்கிக்கலாம்" என்று யாராவது சொன்னாலும் அந்தச் சேவையில் இன்றைக்கு அது உண்டா என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

பூட்டை உடைக்கும் சாப்ட்வேர் இருக்கிறது என்று ஒரு நண்பர் சொன்னார். அந்த வழிக்கு நான் போகவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்தோடு அப்படிச் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. படத்தையும் சீரியலையும் எடுத்தவர்களுக்குக் காசு போய்ச் சேர வேண்டும் என்றுதானே சந்தாவே கட்டினேன்.

வாங்கத்தான் வேண்டும் என்றால், ஒரு மாதத் திட்டத்தை மட்டும் எடுங்கள். கடையில் நிற்கும்போதே ஒரு நிகழ்ச்சியை இறக்கி, போனை ஏர்பிளேன் மோடில் போட்டு, அவர்கள் டிவியில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். டிஷ் பாக்ஸில் பென்டிரைவ் போட்டுப் பதிவு செய்யும் வழியும் உண்டு. அதுவும் பெரும்பாலும் பதிவான அதே பாக்ஸில்தான் ஓடும், ஆனால் மழை விட்ட நேரத்தில் பதிந்து வைத்தால் நெட் இல்லாமல் டிவியிலேயே பார்க்கலாம். எங்கள் வீட்டில் இப்போதைக்கு சித்தப்பா மகன் தன் டேப்லெட்டைக் கொடுத்திருக்கிறான். மொபைல் திட்டம் அதில் ஓடுகிறது, செயலிக்குள்ளேயே இறக்கிக்கொள்கிறோம். அப்பாவுக்குப் போனைவிடப் பரவாயில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். அப்புறம் கடைக்காரர் கேபிளுக்கும் பென்டிரைவுக்கும் பணம் கொடுத்துவிட்டார். சந்தாப் பணம் இன்னும் வரவில்லை. அடுத்து ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுகிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. இதே விளம்பரம் உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்திருந்தால் அழித்துவிடாதீர்கள், பில்லோடு சேர்த்து எடுத்து வையுங்கள். ஏமாந்தவர்கள் வேறு யாரும் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே மனு கொடுப்போம்.