புல்லு வெட்டுற மெஷின் வாங்கப் போறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க (குமரி மாவட்டம்)

தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையில இருக்க ஒரு மெஷினரி கடை, பேரு இப்ப போடல, புகார் நடந்துட்டு இருக்கு. அங்க எனக்கு 13,500 ரூபாய்க்கு ஒரு கரண்ட் லான் மோவரைத் தலையில கட்டிட்டாங்க. கல்ஃப்ல இருந்து வந்து வீடு வச்சு முன்னாடி பஃபலோ கிராஸ் போடுறது இப்ப நம்ம பக்கம் ரொம்ப ஆயிட்டு, எல்லாரும் இதே மாதிரி கடைக்குத்தான் போவீங்க, அதனால சொல்லுறேன்.

எனக்க வீட்டு இடம் மொத்தம் 30 சென்ட். அதுல லான்னு சொல்லுறது முன்னாடி 3 சென்ட் தான், மீதி எல்லாம் தென்னை, ரெண்டு பிலாமரம், ஓரத்துல வாழை, பின்னாடி சரிவு, மழைக்குப் புல்லு முட்டு வரைக்கும் நிக்கும். இதை அப்படியே கடையில சொன்னேன், போட்டோவும் காட்டினேன். கடைக்காரரு போட்டோவைச் சரியா பாக்கவே இல்ல, "மொத்தம் எத்தன சென்ட் அண்ணே?" அது ஒண்ணுதான் கேட்டாரு. 30ன்னதும் உள்ள இருந்து ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு "1600 வாட், 30 சென்ட் அசால்ட்டா அடிக்கும், தென்னைக்கு அடியில உள்ள காட்டையும் சேத்து எடுக்கும், நம்ம கஸ்டமருக்கெல்லாம் இதுதான் குடுக்கேன்"னாரு. பெட்ரோல் மெஷின் காட்டுங்கன்னு கேட்டா "அது எதுக்கு அண்ணே, எண்ணெய் செலவு, மெயின்டனன்ஸ் தொல்லை"ன்னு தள்ளிவிட்டுட்டாரு. அந்த மாடல் அவருகிட்ட ஸ்டாக்கே இல்லங்கது பிறகு தான் தெரிஞ்சுது.

கரண்ட் மோவர் வெட்டுற அகலம் 32 சென்டிமீட்டர், ஒரு அடின்னு வச்சுக்கிடுங்க. ஒரு சென்ட்டுன்னா 435.6 சதுர அடி, அப்போ 30 சென்ட் 13,000 சதுர அடிக்கு மேல வருது, ஒரு அடி அகலத்துல அதை அடிச்சு முடிக்க கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் வயரை இழுத்துக்கிட்டு நடக்கணும், அதுவும் ஒரு வரிசை மேல அடுத்த வரிசை கொஞ்சம்கூட ஏறாம இருந்தா. தென்னைக்கு இடையில வயரு சுத்தாம எவனாலயும் நடக்க முடியாது. முன்னாடி உள்ள 3 சென்ட்டுக்கு அதே கணக்கு 400 மீட்டர் தான், அதுக்கு இந்த மெஷின் போதும், தாராளமா போதும். அப்படிச் சொல்லி வித்திருந்தா எனக்கு அந்த ஆளு மேல ஒரு கோவமும் இல்ல.

வீட்டுக்குக் கொண்டு வந்து பின்னாடி போட்டேன். முட்டளவு புல்லுல மோவர் ஓடாது பாத்துக்கிடுங்க. அதோட பிளேடு ஒரு மூடிக்குள்ள தரையை ஒட்டிச் சுத்துறது, இதுல உயரத்தை எவ்வளவு கூட்டினாலும் ரெண்டரை இஞ்ச் தாண்டல, அடிக்கடி வெட்டுற குட்டைப் புல்லுக்குச் செஞ்ச சாமான் அது. உயரமான ஈரப்புல்லு உள்ள போனதும் கொழகொழன்னு அப்பி, பிளேடு நின்னு மோட்டர் முக்குது. கூடவே கொதும்புத் துண்டு, மட்டை, சல்லிக்கல்லு. கொஞ்ச நேரத்துல கருகின வாடை வந்துட்டு.

துடைக்கலாம்னு கவுத்துப் போட்டப்ப தான் விஷயமே. மூடி மேல பளபளன்னு 1600 வாட்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு இல்லியா, அடியில மோட்டர் பக்கம் உள்ள பிளேட்டுல 1200ன்னு அச்சடிச்சிருக்கு. சந்தேகம் வந்து பெட்டியைப் பாத்தா விலை போட்ட இடத்துலயும் ஸ்டிக்கர் மேல ஸ்டிக்கர், நகத்தால ஓரத்தைக் கிளப்பினேன், அடியில 9,990. இறக்குமதி பண்ணினவன் பேரு, அட்ரஸ் ஒண்ணும் பெட்டியில கிடையாது, இருக்கணும்ங்கது சட்டம்.

திருப்பிக் கொண்டு போனா ஆளே மாறிட்டாரு. "ஈரப்புல்லுல போட்டா வாரண்டி கிடையாது"ங்காரு. ஜூன்ல தென்மேற்கு, அது விட்டா அக்டோபர்ல வடகிழக்குன்னு ரெண்டு மழையும் பெய்யுற ஊருல வித்துட்டு ஈரம் படக்கூடாதாம்! வாரண்டி கார்டுல சீல் இல்ல, சீரியல் நம்பர் எழுதல, பில்லுன்னு எனக்குத் தந்தது கையால எழுதின எஸ்டிமேட் சீட்டு. கடையில கூட்டம், "பில்லு பிறகு வாட்ஸ்அப்புல அனுப்புறேன் அண்ணே"ன்னு சொன்னாரு, இன்னைக்கு வரை வரல. ஒழுங்கான ஜிஎஸ்டி பில் கையில வாங்காம மெஷினை வண்டியில ஏத்தாதீங்க. பில் குடுக்க மாட்டேன்னு சொல்லுறதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தப்பு, கெட்டுப்போன பொருளைப் பில்லுல போட்ட நாளுக்குள்ள, நாள் போடலன்னா 30 நாளுக்குள்ள, திருப்பி எடுக்க மறுக்கதும் தப்பு. நான் 1915ங்க தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் நம்பர்ல கூப்பிட்டுப் புகார் பதிஞ்சாச்சு. நல்லவேளை ரூபா ஜிபேல போட்டேன், அந்த ஸ்கிரீன்ஷாட்டும் ரெண்டு ஸ்டிக்கர் போட்டோவும் இருக்கு.

இப்ப எது யாருக்குன்னு, அந்தக் கடைக்காரரு சொல்லாததை நான் சொல்லுறேன். ரெண்டு மூணு சென்ட், சமமான தரை, வாரத்துக்கு ஒருக்க வெட்டுவேன்னு உறுதியா இருந்தா கையால தள்ளுற ரீல் மோவரே போதும், கரண்டும் வேண்டாம் பெட்ரோலும் வேண்டாம், கத்திரிக்கோல் மாதிரி சுத்தமா வெட்டும், ஆனா பஃபலோ கிராஸ் கனமா வளந்துட்டா தள்ளி முடியாது. அஞ்சு சென்ட் வரைக்கும் கரண்ட், வயரு எட்டுற இடமா இருக்கணும், நீளமான எக்ஸ்டென்ஷன்னா கனமான வயரு போடுங்க, மெல்லிசு வயருல வோல்டேஜ் இறங்கி மோட்டர் சூடாகும். அதுக்கு மேல நிஜமாவே லானா இருந்தா பெட்ரோல், 18 இஞ்சோ அதுக்கு மேலயோ. உக்காந்து ஓட்டுற மெஷின் எல்லாம் அரை ஏக்கர் சமதரை லான் வச்சிருக்க ரிசார்ட்டுக்காரங்களுக்கு, நம்ம தட்டு தட்டா இறங்குற இடத்துல கவுந்துரும்.

தென்னைக்கு அடியில, ரப்பருக்கு இடையில, சரிவுலன்னா மோவரே வேண்டாம். தோள்ல தூக்குற பிரஷ் கட்டர் தான். அதுலயும் டூ ஸ்ட்ரோக்குன்னா பெட்ரோல்ல ஆயில் கலக்கணும், எந்த அளவுன்னு மெஷினோட புக்குல இருக்கும், கலக்காம ஓட்டினா பிஸ்டன் பிடிச்சுரும். நைலான் கயிறு போட்டு அடிக்கும்போது சின்ன ரப்பர் கன்னு மூட்டுல படாம பாத்துக்கிடுங்க, தோலு உரிஞ்சா கன்னு போச்சு. வருஷத்துல நாலஞ்சு தடவை தான் வெட்டணும்னா சொந்தமா வாங்கவே வேண்டாம், பெட்ரோலோட மெஷின் கொண்டு வந்து கூலிக்கு அடிச்சுத் தர்ற ஆளுங்க குலசேகரம், கருங்கல் பக்கமெல்லாம் இருக்காங்க. எனக்க பின்பக்கம் இப்ப அப்படித்தான் நடக்குது.

1915ல இருந்து கடைக்குப் பேசியிருக்காங்க போல, நேத்து அந்த ஆளு கூப்பிட்டு "பாதி ரூபா தாறேன், புகாரை வாபஸ் வாங்குங்க"ன்னாரு. முழுசும் வேணும்னுட்டேன். தரலன்னா நாகர்கோவில்ல மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு, 5 லட்சம் வரைக்கும் ஃபீஸே கிடையாது. எஸ்டிமேட் சீட்டை மட்டும் வச்சு அங்க மனு போட்டவங்க யாராச்சும் இருந்தா என்ன ஆச்சுன்னு சொல்லுங்க.