விட்னி பிளான்டேஷன், லூசியானா: கண்டிப்பா போங்க

அமெரிக்காவுல நியூ ஆர்லியன்ஸ் ஊர்ல இருந்து கார்ல ஒரு மணி நேரம், மிசிசிப்பி ஆத்தோரமா இருக்கிற பழைய கரும்புத் தோட்டம், 2014ல மியூசியமா திறந்தாங்க. முதலாளி வீட்டு சாண்ட்லியர் விளக்கு பாக்கணும்னா வேற எங்கயாச்சும் போயிக்கங்க, இங்க முழுக்க அடிமையா இருந்தவங்க கதைதான். கிரானைட்ல வரிசையா பேரு செதுக்கியிருக்கு, பல பேருக்கு குடும்பப் பேரே இல்ல. சர்ச்சுக்குள்ள களிமண்ல சின்னப் பசங்க சிலை நிக்குது, அடிமைத்தனத்துல இருந்து விடுதலை வந்தப்போ குழந்தைங்களா இருந்து 1930கள்ல வயசானப்புறம் பேட்டி குடுத்தவங்களாம், எனக்கு இதான் டாப்பு. 1865ல அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிஞ்சு அடிமை முறை ஒழிஞ்சும் நிறைய பேரு அதே கரும்புக் காட்டுலதான் கூலிக்கு வெட்டி, தோட்டத்துக் கடையிலயே கடன்ல மாட்டிக்கிட்டாங்க. ஆடியோ டூர் எடுங்க. ஜூலை ஆகஸ்ட் மட்டும் வேணாம், வெயில் மண்டைய பொளக்கும்.