டெஜார்தானா, பெரிய வங்கியா? மோர்ட்கேஜை மாற்றியவனின் கணக்கு

மொன்றியலுக்குப் புதிதாக வரும் சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்பது, எங்கே கணக்குத் திறப்பது என்பதுதான். பன்னிரண்டு வருடம் ஒரு பெரிய வங்கியில் இருந்தேன். போன வருடம் மோர்ட்கேஜ், அதாவது வீட்டுக் கடன், ஒப்பந்தக் காலம் முடிந்ததும் டெஜார்தான் என்ற கூட்டுறவு நிதி நிறுவனத்துக்கு மாறிவிட்டேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அன்றாடத் தேவைக்கு இரண்டும் ஒன்றுதான். இன்டராக் என்ற டெபிட் அட்டை எங்கும் செல்லும். வைப்புப் பணத்துக்கு இரண்டிலும் 1 லட்சம் டொலர் வரை காப்புறுதி உண்டு. வங்கிக்கு கனடா மத்திய அரசின் அமைப்பு, டெஜார்தானுக்கு கியூபெக் மாகாண அமைப்பு. மோர்ட்கேஜ் வட்டியும் எனக்கு இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் சொன்னார்கள்.

அப்போ ஏன் மாறினேன்? மிஞ்சும் இலாபம் யாருக்குப் போகிறது என்று பார்த்தேன். வங்கியில் அது பங்குதாரருக்கு. டெஜார்தான் என்பது உள்ளூர்க் கூட்டுறவுகளின் கூட்டமைப்பு; ஒவ்வொரு கூட்டுறவையும் இங்கே ‘கேஸ்’ என்பார்கள். 5 டொலருக்கு ஒரு பங்கு வாங்கினால் நீங்கள் அங்கத்தவர். அரை மில்லியன் போட்டு வைத்திருப்பவருக்கும் உங்களுக்கும் ஆளுக்கொரு வாக்கு. வருடாந்தப் பொதுக்கூட்டத்தில், மிச்சத்தில் எவ்வளவை ‘ரிஸ்தூர்ன்’ என்று அங்கத்தவருக்குத் திருப்பித் தருவது, எவ்வளவை ஊர்ப் பணிகளுக்கான நிதியில் போடுவது என்று வாக்கெடுப்பு நடக்கும். இந்த வருடம் இரவுச் சாப்பாடு முடித்து, குசினி மேசையில் மடிக்கணினியை வைத்து நானும் மனைவியும் தனித்தனியே வாக்களித்தோம். கணக்கு வைத்திருக்கும் இடத்தில் என்னிடம் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை. ரிஸ்தூர்ன் ஒரு வாரத்துச் சாமானுக்குக் காணும், அவ்வளவே. நம் கடனும் சேமிப்பும் கூடக் கூட அதுவும் கூடும். காசுக்காக மட்டும் மாறுவதென்றால் இது போதாது.

எனக்கு இது பழகிய விஷயம். ஊரில் அப்பா சிக்கனக் கடனுதவுக் கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தவர். விதைப்புக் காலத்தில் கடன் வாங்க அவருக்கு அதுதான் வாசல். இங்கேயும் தொடக்கம் அப்படித்தான். அல்ஃபோன்ஸ் டெஜார்தான் ஒட்டாவா நாடாளுமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். மொன்றியலில் 150 டொலர் கடனுக்கு ஒருவரிடம் 5,000 டொலர் வட்டி கேட்ட கதையை 1897இல் அந்தச் சபையில் கேட்டார். 1900 டிசம்பரில் கியூபெக்கின் லெவி நகரில் முதல் கேஸைத் தொடங்கினார். அடுத்த மாதம் வந்த முதல் வைப்பு 10 சதம். அவர் ஒட்டாவாவில் வேலையாக இருந்த நாட்களில் மனைவி டொரிமேன்தான் அதை நடத்தினார்.

குறையும் உண்டு. 2019இல் உள்ளே வேலை செய்த ஒருவர் மூலமே அங்கத்தவர்களின் தகவல் வெளியே போனது. முதலில் 29 லட்சம் பேர் என்றார்கள், பிறகு 42 லட்சம் தனிநபர் அங்கத்தவர் எல்லாருமே என்றார்கள். நான் மாறத் தயங்கியது இதற்காகத்தான். கிளைகளும் ஏடிஎம்களும் குறைந்துகொண்டே போகின்றன. கவுண்டரில் ஆளைப் பார்த்துக் காசு எடுத்துப் பழகிய அம்மா அப்பாவுக்கு அது பெரிய கஷ்டம். அவர்களுக்குக் கணக்குத் திறக்க முன், நடந்து போகும் தூரத்தில் கிளை இருக்கிறதா என்று பாருங்கள்.

வியாபாரக் கடன் நான் எடுத்ததில்லை, அதனால் கடை வைத்திருப்பவர்களுக்கு என்னால் சொல்ல ஒன்றுமில்லை. மோர்ட்கேஜை இடையில் முறித்தால் வரும் தண்டப்பணத்தையும் நான் கட்டிப் பார்த்ததில்லை. கையெழுத்துப் போட முன் இரண்டு இடத்திலும் அந்தக் கணக்கை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் கல்கரி, வன்கூவர் பக்கம் போகும் எண்ணமிருந்தால் பெரிய வங்கியே வசதி. டெஜார்தானின் கிளைகள் கியூபெக்கையும் ஒன்டாரியோவையும் தாண்டினால் அநேகமாகக் கிடையாது. மகன் வன்கூவரில் படிப்பதால் பழைய வங்கிக் கணக்கில் கொஞ்சக் காசு விட்டு வைத்திருக்கிறேன்.