480,000 ரூபாவுக்கு வாங்கிய 2 பவுண் காப்பு: நகை வாங்குவோர் கவனத்திற்கு

நேற்று மாலை மூன்றாம் தடவையாக அந்தக் கடையின் படியிறங்கி வந்த ஆத்திரம் தணியுமுன்னே இதை எழுதுகிறேன். மகளின் சாமத்திய வீட்டுக்கென்று சீட்டுக்காசை எடுத்து, யாழ் நகரில் தலைமுறையாக நடக்கும் நகைக்கடை ஒன்றில் 22 கரட் என்று சொல்லப்பட்ட 2 பவுண் கட்டிக் காப்பொன்றை 480,000 ரூபாவுக்கு வாங்கினேன். "ரீச்சர், உங்கட அம்மாவும் எங்களிட்டத்தான் காப்பு செய்தவ" என்று சொல்லி முதலாளி சோடா வரவழைத்தார். என் கண்முன்னே உரைகல்லில் உரைத்தும் காட்டினார். அந்த ஒரு சொல்லில் மனம் இளகி, கையால் எழுதித் தந்த துண்டில் கரட் போடப்படாததைக் கவனிக்காமல் விட்டேன்.

வீட்டில் அம்மாவின் பழைய 2 பவுண் காப்புக்குப் பக்கத்தில் வைத்தபோது, சுற்றளவு ஒன்றாயிருந்தும் புதியது தடிப்பாகத் தெரிந்தது. பாடசாலை ஆய்வுகூடத்தில் 0.01 கிராம் வரை காட்டும் தராசில் நிறுத்தேன்: 16.00 கிராம், சரியாக 2 பவுண். பிறகு நீர் கொண்ட முகவையைத் தராசில் வைத்து வாசிப்பைப் பூச்சியமாக்கி, காப்பை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் முழுவதும் அமிழ்த்தினேன். இடம்பெயர்ந்த நீரின் நிறையளவு முகவை அழுத்தப்படுவதால், தராசு கூட்டிக் காட்டும் கிராமே பொருளின் கனவளவு, கன சென்ரிமீற்றரில். 22 கரட் பொன்னின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 17.8 கிராம், ஆகவே வாசிப்பு 0.90 அளவில் நின்றிருக்க வேண்டும். நின்றதோ 1.29. காற்றுக் குமிழி ஒட்டினால் கனவளவு கூடிக் காட்டும் என்பதால், கொதித்தாறிய நீரில் ஒரு துளி சவர்க்காரம் விட்டு, குமிழிகளைத் தூரிகையால் நீக்கி, மேலும் இரு தடவை பார்த்தேன், மாற்றமில்லை. 16ஐ 1.29ஆல் வகுத்தால் அடர்த்தி 12.4. தூய பொன் 19.3, வெள்ளி 10.5, செம்பு 8.96. இந்தக் காப்பில் பொன் பாதியளவாவது இருக்குமா என்பதே சந்தேகம். உரைகல் தொடுவது மேற்பரப்பை மட்டும்தான். தடித்த முலாம் அதற்குத் தப்பிவிடும்.

முதல் நாள், "தண்ணிக்குள்ள போட்டே பவுண் பாக்கிறது?" என்று சிரித்தார்கள். அடுத்த முறை முதலாளி கொழும்புக்குப் போய்விட்டாராம். நேற்று, "நீங்கள் வெளியில மாத்தியிருப்பியள்" என்று என் பிள்ளைக்கு முன்னால் சொன்னார்கள். 480,000 ரூபா, இரண்டு வருடம் கட்டிய சீட்டு.

வாங்கப்போகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன். இப்போது முடிந்தது இவ்வளவுதான். பற்றுச்சீட்டில் கரட்டையும் நிறையையும் எழுதுவித்து வாங்குங்கள். ஒவ்வொரு கிராமாகக் காட்டும் சமையலறைத் தராசு இதற்குப் போதாது. கல் பதித்த, உள்ளே கோறையான, அரக்கு நிரப்பிய நகைகளுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அடர்த்தி சரியாக வந்தாலும் அதையே முடிவாகக் கொள்ளாதீர்கள், பொன்னல்லாத தங்ஸ்தன் என்ற உலோகத்தின் அடர்த்தியும் தூய பொன்னை ஒட்டிய 19.25 தான். குறைவாக வந்தால் அன்றைக்கே, துண்டோடும் சாட்சிக்கு ஒருவரோடும் போங்கள். நான் முதல் நாள் தனியாகப் போனேன்.